விட்டுவைத்தவை: அரை அரூப ஓவியத்தில் பெண்ணுருவம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். அரங்கில் திரையிட்ட படங்கள் இங்கே சொல்லால் விவரிக்கப்படுகின்றன.)



இலக்கியம் பேசும் மேடை இது. இங்கே ஓவியத்தைப் பற்றிப் பேசலாமா என்று நான் கேட்டதும் தயங்காமல் சம்மதித்தவர்களுக்கு நன்றி. அவையில் தமிழ் படிப்பவர்கள் நிறைந்திருப்பது எனக்கு உதவியாகவே இருக்கும். நான் சொல்லவிருக்கும் பார்வைக்கு வேண்டிய கருவிகளில் சில உங்கள் பாடநூல்களிலேயே இருக்கின்றன.

ஓவியக் கண்காட்சிக்குப் போகிறோம். ஒரு கித்தானில் பச்சையும் காவியுமாகப் பரப்புகள். அவற்றுக்கு நடுவே ஒரு வளைவு. அது தோளாக இருக்கலாம். கீழே இன்னொரு வளைவு, அது இடுப்பு. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் தீற்றல். முழுக்க உருவமும் இல்லை, முழுக்க அரூபமும் இல்லை. ஓவியக் கல்லூரி மாணவர்கள் ‘செமி-அப்ஸ்ட்ராக்ட்’ என்பார்கள். நான் அரை அரூபம் என்கிறேன். பார்வையாளர் சற்று நேரம் தேடுகிறார். பெண் என்று தெரிந்ததும் ஒரு நிம்மதி. அடுத்த கணமே, “இந்தப் பெண் எதைக் குறிக்கிறாள்?” என்று கேட்கிறார். பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டையும் கையில் இருக்கும் கண்காட்சி மலரும் விடை தருகின்றன: தாய்மை, சக்தி, பூமி, இயற்கை, ஏக்கம். இந்த ஐந்தாறு சொற்களைக் கொண்டே பல பத்தாண்டுகளாக எல்லாப் பெண்ணுருவங்களையும் விளக்கி வருகிறோம்.

இதே பாணியில் ஓர் ஆண் உட்கார்ந்திருப்பதை வரைந்தால் அவன் எதைக் குறிக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். பெண் மட்டும் உட்கார்ந்தால் போதாது. எதற்காவது பதிலாள் ஆக வேண்டும். இது என்னை நெடுநாளாக வருத்தும் விஷயம். இன்றைய பேச்சுக்கு அதுவே காரணம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரை அரூப ஓவியத்தில் பெண்ணுருவத்தின் முன் நின்று நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஓவியர் எதை விட்டுவைத்தார் என்பதே. எதன் குறியீடு என்பது அதற்குப் பிறகு வரட்டும். அழிக்கும் உரிமை முழுவதும் கையில் இருக்கும்போது ஒருவர் அழிக்காமல் விட்ட கண், விட்ட கை, விட்ட சேலைக்கரை ஆகியவற்றில்தான் அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் உள்ள உறவு பதிவாகிறது. இதை ஐந்து குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. விட்டுவைப்பது ஒரு முடிவு

ரவிவர்மாவின் ஓவியத்தில் பெண்ணின் மூக்குத்தி இருப்பதற்குத் தனிக் காரணம் தேட வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே இருக்கும். அது அந்த முறையின் இயல்பு. அரூப ஓவியர் கெய்தோண்டேயின் முதிர்ந்த கித்தான்களில் உருவமே கிடையாது. அங்கே இந்தக் கேள்விக்கு இடமில்லை. இடைப்பட்ட பிரதேசத்தில்தான் ஒவ்வோர் உறுப்பும் ஒரு முடிவாகிறது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற நிலையிலிருந்து அது ‘இருக்கட்டும்’ என்று தீர்மானிக்கப்பட்டிருக்கிறது.

அந்தத் தீர்மானங்கள் படிப்படியாக நடப்பதைக் காண ஓர் அரிய சான்று உண்டு. 1935-இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் ‘இளஞ்சிவப்பு நிர்வாணம்’ என்று இன்று அறியப்படும் ஓவியத்தை வரைந்தார். மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை வேலை நடந்தது. ஒவ்வொரு நிலையையும் புகைப்படம் எடுத்து வைத்தார். அப்படி 22 படங்கள் இருக்கின்றன. அவற்றை அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருந்த எட்டா கோன் என்ற சேகரிப்பாளருக்கு அனுப்பினார். அவரே ஓவியத்தை வாங்கினார். ஓவியம் இன்றும் அந்நகரின் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

தொடக்கநிலைப் படத்தைப் பாருங்கள். சோபாவில் ஒரு பெண் சாய்ந்து படுத்திருக்கிறாள். பின்னால் நாற்காலி, அதன் மேல் பூச்சாடி, அறையின் ஆழம். யாரும் வரையக்கூடிய, நல்ல, சாதாரணமான ஓர் அறைக்காட்சி. பிறகு வரும் படங்களில் அறை தட்டையாகிறது. மத்தீஸ் வண்ணத்தாளை வெட்டி, கித்தானில் ஊசியால் குத்தி, கையை இங்கே வைக்கலாமா, இடுப்பை இன்னும் பெரிதாக்கலாமா என்று நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறார். சோபா நீலமும் வெள்ளையுமான கட்டங்களாகிறது. நாற்காலியும் பூவும் மேலோரத்தில் சில வளைகோடுகளாகச் சுருங்குகின்றன. உடல் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது. மடித்த கை ஒரு தூண்போல நிமிர்கிறது. மீட்டர் நீளம்கூட இல்லாத கித்தானில் அவள் மலைபோல் கிடக்கிறாள்.

இத்தனையும் போன பிறகும் முகம் போகவில்லை. பேருடலின் ஒரு மூலையில் சிறியதாக, சில கோடுகளில் கண்ணும் மூக்கும் வாயும் இருக்கின்றன. அதை அழித்திருந்தால் ஓவியம் வெறும் வடிவமைப்பாகியிருக்கும். எவ்வளவு அலங்காரமாக மாற்றினாலும், தன் எதிரே ஒருத்தி படுத்திருந்தாள் என்பதை அந்த மனிதரால் விட முடியவில்லை. அவள் பெயர் லிடியா தெலக்தோர்ஸ்கயா, சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் பிறந்தவர். ஓவியக்கூட உதவியாளராக வந்தவர், மத்தீஸ் 1954-இல் இறக்கும்வரை அந்தக் கூடத்தை நடத்தினார். பிற்காலத்தில், அந்த ஆண்டுகளில் மத்தீஸ் எப்படி வேலை செய்தார் என்பதைப் படங்களுடன் தாமே நூலாகவும் வெளியிட்டார். கித்தானில் படுத்திருந்தவரே சாட்சியாகவும் ஆனார். அந்தச் சிறிய முகத்தை நான் இப்படித்தான் பார்க்கிறேன்: பார்க்கப்படுகிறவளும் பார்க்கிறாள் என்பதற்கு ஓவியர் விட்டுவைத்த இடம்.

2. சிதைவு தானாகவே அவமதிப்பு ஆகாது. தானாகவே விடுதலையும் ஆகாது

அடுத்த படம் அமெரிக்க ஓவியர் வில்லெம் டி கூனிங்கின் ‘பெண் 1’. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 193 சென்டிமீட்டர், நம்மைவிடப் பெரியவள். 1950-இல் தொடங்கினார். ஓவியம் பிடி கொடுக்கவில்லை. தீட்டியதைச் சுரண்டினார், மறுபடி தீட்டினார், ஒரு கட்டத்தில் கைவிட்டே விட்டார். கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷபீரோ வந்து பார்த்துப் பேசிய பிறகு மீண்டும் எடுத்து 1952-இல் முடித்தார். அடுத்த ஆண்டு சிட்னி ஜானிஸ் கூடத்தில் பெண் வரிசை காட்சிக்கு வந்தபோது பெரும் சலசலப்பு.

அருகில் போய்ப் பார்ப்போம். அகன்று விழித்த இரண்டு கண்கள். வரிசையாகப் பற்கள் தெரியும் வாய். அதற்குக் கீழே பெரிய மார்பு. அதன்பின் ஒழுங்கு குலைகிறது. கைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மடி, பாவாடை, பின்னணி எல்லாம் இளஞ்சிவப்பும் சாம்பலும் மஞ்சளுமாக ஒன்றன்மேல் ஒன்று வழிகின்றன. தீற்றல்களின் வேகம் பயமுறுத்துகிறது.

இந்த ஓவியம் இரு பக்கமும் அடி வாங்கியது. அரூபமே இனிக் கலை என்று நம்பியவர்கள், உருவத்துக்குத் திரும்பியது துரோகம் என்றார்கள். பின்னாளில் பெண்ணிய விமர்சகர்கள், இது பெண்ணுடலின் மீதான வன்முறை என்றார்கள். கரோல் டங்கன் 1989-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அருங்காட்சியகம் இத்தகைய ஓவியங்களை எங்கே, எப்படி மாட்டுகிறது என்பதையே கேள்வி கேட்டது. அந்தக் கேள்வி நியாயமானது. நவீனக் கலையின் பெருவழியில் நடக்கும் பார்வையாளர் ஆண்தான் என்று அந்த அரங்கே முன்கூட்டி முடிவு செய்துவிடுகிறது என்ற அவரது வாதத்தை நான் ஏற்கிறேன்.

ஆனாலும் எது விட்டுவைக்கப்பட்டது என்று கேளுங்கள். பற்கள். அந்தப் பற்கள் எங்கிருந்து வந்தன என்பதற்குத் தடயம் இருக்கிறது. 1950-இல் இதே பொருளில் அவர் செய்த ஒரு சிறிய படம் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் வாயை அவர் வரையவே இல்லை. கேமல் சிகரெட் விளம்பரம் ஒன்றிலிருந்து சிரிக்கும் வாயைக் கத்தரித்து ஒட்டியிருக்கிறார். ஆகவே அந்தப் பெரிய கித்தானில் புயலுக்குத் தப்பியது ஒரு விளம்பரச் சிரிப்பு. தாய், மனைவி, ஆதித்தாய் தெய்வம் என்று எழுதப்பட்ட விளக்கங்களைவிட இந்த ஒரு காகிதத் துண்டு எனக்கு அதிகம் சொல்கிறது. பத்திரிகையின் ஒவ்வொரு பக்கத்திலும் பெண்ணைச் சிரிக்க வைத்த ஒரு காலத்தில், அந்தச் சிரிப்பு மட்டும் கழன்று, உடலை விட்டுத் தனியே நின்று இளிக்கிறது.

இதைச் சொல்வதால் டி கூனிங்கை விடுவித்துவிட்டேன் என்று பொருளில்லை. சிரிப்பை விட்டுவைத்தவர் கைகளைக் கரைத்தார். எதையும் செய்ய இயலாத, காட்டப்படுவதற்கு மட்டுமே இருக்கிற ஒருத்தி அவள். விளம்பரம் செய்ததையே அவரும் ஒருவகையில் செய்கிறார். இரண்டு உண்மைகளும் அந்தக் கித்தானில் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றதை மறைப்பது நல்ல விமர்சனம் ஆகாது.

இங்கே இன்னொருவரை அழைக்க வேண்டும். டி கூனிங்கின் மனைவி எலைன் டி கூனிங். சிறந்த ஓவியர், கூர்மையான விமர்சகர். அதே ஆண்டுகளில், அதே நகரத்தில், அவர் ஆண்களை வரைந்துகொண்டிருந்தார். அவர்களில் பலருக்கு முகம் கிடையாது. கவிஞர் ஃபிராங்க் ஓ’ஹாராவை 1962-இல் வரைந்தபோது முகத்தை முழுமையாக வரைந்து, பிறகு துடைத்தே எடுத்துவிட்டார். துடைத்த பிறகுதான் அந்த ஆள் தெளிவாகக் கிடைத்தார் என்பது அவர் அனுபவம். ஒருவர் நிற்கிற விதம், தோளைச் சாய்க்கிற விதம், அதில் ஆள் இருக்கிறார் என்று அவர் நம்பினார். ஆக, முகத்தை நீக்குவது மட்டுமே அவமதிப்பு என்று சொல்லிவிட முடியாது. எலைன் முகத்தை எடுத்தார், நிற்கும் தன்மையை விட்டுவைத்தார். கணவர் முகத்தை விட்டுவைத்தார், நிற்கும் தன்மையை எடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

ஒரு செய்தி, போகிற போக்கில். இதே வரிசையின் ‘பெண் 3’ தெஹ்ரான் சமகாலக் கலை அருங்காட்சியகத்திடம் இருந்தது. 1979 புரட்சிக்குப் பின் அதைச் சுவரில் மாட்ட முடியவில்லை. 1994-இல் வியன்னா விமான நிலையத்தில் அதைக் கொடுத்துவிட்டு, மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காக உருவான, ஷாநாமா என்ற பாரசீகக் காவியத்தின் கையெழுத்துப் படியில் எஞ்சியிருந்த ஏடுகளை ஈரான் பெற்றுக்கொண்டது. பாதி கரைந்த உருவத்திலும் ஓர் அரசு நிர்வாணத்தைக் கண்டுபிடித்தது. எஞ்சியிருப்பது எவ்வளவு குறைவானாலும் அதற்கு எவ்வளவு வலிமை என்பதற்கு இதுவும் சான்று.

3. முகமில்லாதவளும் பெயரில்லாதவளும்

எம்.எஃப். ஹுசைனின் அன்னை தெரசா வரிசையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1980களிலிருந்து பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வரைந்தார். வெள்ளைச் சேலை, நீலக் கரை, நீளும் கைகள், மடியில் ஒரு குழந்தை அல்லது நோயாளி. முக்காட்டுக்குள் முகம் இல்லை. இருண்ட குழிவு மட்டும்.

ஹுசைன் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். தாயின் முகம் அவர் நினைவில் இல்லை. அதனால்தான் முகமில்லாமல் வரைகிறார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். தகவல் உண்மை. விளக்கம் போதாது. தாயை இழந்தவர்கள் அனைவரும் இப்படி வரைவதில்லை. இன்னொரு தகவலையும் அதன் பக்கத்தில் வையுங்கள். இளமையில் ஹுசைன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர். தெருவில் போகிறவர் அண்ணாந்து பார்க்கும்படி ஆளுயரத்துக்கு நட்சத்திர முகங்களைத் தீட்டிய கை அது. முகம் எவ்வளவு மலிவாக விலைபோகும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். நோபல் பரிசு பெற்று, உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் முகம் அச்சாகிய ஒருவரை வரையும்போது, அதே கை முகத்தைத் தவிர்த்துவிட்டுக் கரையை வரைந்தது.

இலக்கிய மாணவர்களுக்கு இது புதிதல்ல. அகத்திணையில் தலைவன், தலைவி பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் காட்டும் மரபு. பெயரில்லாததால் தலைவி குறைந்துவிடுவதில்லை. யாருடைய துயரும் அவளுடையதாக முடிகிறது. நெடுநல்வாடையை எண்ணிப் பாருங்கள். பிரிவில் வாடும் அரசியும் பாசறையில் இருக்கும் அரசனும் பெயரின்றியே வருகிறார்கள். முழுக்க அகப்பாட்டின் சாயல். ஆனால் வேலில் கட்டிய வேம்பு, பாண்டியனின் அடையாளம். அந்த ஒரு அடையாளத்தால் பாட்டைப் புறமென்று கொண்டார் நச்சினார்க்கினியர். நூற்றெண்பத்தெட்டு அடிகளில் ஒரு வேம்பு.

ஹுசைனின் நீலக்கரை அந்த வேம்பின் வேலையைச் செய்கிறது. முகத்தை எடுத்ததால் அவள் யாராகவும் ஆகலாம். கரையை விட்டதால் அவள் இன்னார் என்றும் தெரியும். அகமும் புறமும் ஒரே உருவத்தில் இழுபடுகின்றன. ‘தாய்மை’ என்று அட்டையில் எழுதி ஒட்டிவிட்டால் இந்த இழுபறி கண்ணில் படாமலே போகும்.

உறுப்புகளை எண்ணும் பார்வைக்கு நம்மிடம் நீண்ட பழக்கம் இருக்கிறது. பொருநராற்றுப்படையில் பாடினியின் கூந்தல் முதல் பாதம் வரை ஒவ்வோர் உறுப்பும் உவமையோடு வருகிறது. கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று பின்னர் அது தனி மரபாகவே வளர்ந்தது. கவிதையில் அதற்கு ஓர் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே பட்டியலோடு நவீன ஓவியத்தின் முன் போய் நின்றால் விபரீதம். 1954-இல் பம்பாய் ஜஹாங்கீர் கூடத்தில் ஓவியர் அக்பர் பதம்சீயின் ‘காதலர்கள்’ ஓவியங்கள் ஆபாசம் என்று வழக்கானது. பெண்ணின் மார்பில் ஆணின் கை இருந்தது குற்றம். இளைஞரான பதம்சீ பின்வாங்காமல் வழக்காடி வென்றார். ஹுசைனும் 1996-க்குப் பிறகு, தெய்வ உருவங்களை நிர்வாணமாக வரைந்தார் என்ற குற்றச்சாட்டால் வழக்குகளுக்கு ஆளாகி, நாட்டை விட்டே வெளியேறினார். அவர்மீதான வழக்குகளை 2008 மே மாதம் டில்லி உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தள்ளுபடி செய்தார். அதே நீதிபதி பிறகு சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக, 2016-இல் எழுத்தாளர் பெருமாள்முருகன் வழக்கின் தீர்ப்பை வழங்கிய அமர்வில் இருந்தார் என்பதை இந்த அவையில் நினைவுகூர்வது பொருத்தம். தீர்ப்பு வந்தும் ஹுசைன் நாடு திரும்பவில்லை. 2011-இல் லண்டனில் இறந்தார். அந்த இழப்புக்கு நாம் எல்லோரும் பொறுப்பு.

4. குறியீடு ஓவியரே கொடுத்ததாக இருந்தாலும்

“ஐயா, ஓவியரே ‘காளி’ என்று தலைப்பிட்டால் சக்தி என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?” என்று ஒரு மாணவி என்னைக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஓவியர் தையப் மேத்தா இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு.

மேத்தாவின் கித்தான்களில் வண்ணம் தட்டையாக, நிழலே இல்லாமல், பெரும் பரப்புகளாக இருக்கும். உடல்கள் வெட்டுண்டு, திருகி, ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். 1947 கலவரத்தில், பம்பாய் முகமது அலி சாலையில் ஒரு மனிதரைக் கூட்டம் அடித்துக் கொல்வதைச் சன்னலிலிருந்து கண்டவர் அவர். அந்தக் காட்சி வாழ்நாள் முழுதும் விலகவில்லை. 1980களின் நடுவில் சாந்திநிகேதனில் தங்கியிருந்த காலத்துக்குப் பின் காளியும் மகிஷாசுரனும் அவர் கித்தான்களுக்குள் வந்தார்கள்.

மகிஷன் கதையை நாம் மாமல்லபுரத்தில் பார்த்திருக்கிறோம். மகிஷமர்த்தினி குகையின் அந்தப் பெரிய புடைப்புச் சிற்பத்தில் தேவி சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு, வில்லை நாணேற்றி வருகிறாள். சுற்றிலும் குள்ளப் பூதகணங்கள். எதிரே எருமைத்தலை அசுரன், கையில் தண்டாயுதம். பின்னுக்குச் சாய்கிறான், ஆனால் இன்னும் விழவில்லை. பல்லவச் சிற்பி வதையைச் செதுக்கவில்லை; வெற்றி யார் பக்கம் சாய்கிறது என்ற கணத்தைச் செதுக்கினான். இருவருக்கும் நடுவே வெளி இருக்கிறது. யார் எவர் என்பதில் ஐயமே இல்லை. ஒவ்வோர் ஆயுதமும் தெளிவு.

மேத்தா அந்த வெளியை மூடுகிறார். அவருடைய மகிஷாசுர ஓவியங்களில் தேவியும் அசுரனும் ஒரே முடிச்சு. எந்தக் கை யாருடையது என்று பிரிக்கப் போனால் திணறுகிறோம். போரா, தழுவலா என்று சொல்ல முடியாத பிணைப்பு. ஆயுதம் முக்கியமிழந்து, பிடி மட்டும் எஞ்சுகிறது. கொல்கிறவளும் கொல்லப்படுகிறவனும் அவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறார்கள். அந்தச் சாலையில் நடந்த கொலையைப் பார்த்த ஒருவர், நன்மை தீமையை இருபுறமும் ஒழுங்காக நிறுத்தி வைக்க மறுக்கிறார் என்றே நான் இதை வாசிக்கிறேன். 1989-இன் ‘காளி’யில் நீல உடலும், திறந்த செவ்வாயும். பெண்ணைப் பணிவின் வடிவாகக் காட்டும் எந்தச் சாயலும் அங்கே கிடையாது. அதே சமயம் கும்பிடத்தக்க அழகும் கிடையாது. விழுங்கும் ஒரு வாய், அவ்வளவுதான். ‘சக்தி’ என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் ஓர் உற்சாகம் எழுமே, அதை அந்த வாய் தருவதில்லை; அச்சத்தைத் தருகிறது. தலைப்பு ஒரு குறியீட்டைத் தருகிறது. விட்டுவைத்த வாயோ அந்தக் குறியீட்டோடு வாதாடுகிறது. மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: தலைப்பை மறுக்க வேண்டாம், ஆனால் தலைப்போடு நின்றுவிடவும் வேண்டாம்.

5. வரைகிறவள் பெண்ணாக இருக்கும்போது

இதுவரை, எலைனைத் தவிர, ஆண்கள் வரைந்த பெண்களையே பார்த்தோம். கடைசிக் குறிப்பை ஒரு பெண் ஓவியருக்கு ஒதுக்கியிருக்கிறேன். எனக்கு மிகவும் நெருக்கமானவர். நம் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். டி.கே. பத்மினி.

1940-இல் கேரளத்தின் பொன்னானியை ஒட்டிய கிராமத்தில் பிறந்தார். பெண் ஓவியம் படிக்க வெளியூர் போவது அங்கே எளிதான காரியமாக இல்லை. தாய்மாமன் துணைநின்றார்; கவிஞர் இடசேரி ஊக்கம் தந்தார். 1960களில் சென்னைக்கு வந்தார். கே.சி.எஸ். பணிக்கர் அப்போது கல்லூரி முதல்வர். 1968-இல் ஓவியர் ஒருவரை மணந்தார். 1969 மே மாதம் பிரசவத்தில் இறந்தார். முப்பது வயதுகூட நிறையவில்லை.

அந்தக் கல்லூரி அப்போது எப்படி இருந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். மேற்கைப் பின்பற்றாத ஒரு நவீனத்தைத் தேடிக்கொண்டிருந்த காலம். கோடுதான் நம் பலம் என்ற நம்பிக்கை வலுப்பெற்றிருந்தது. பணிக்கர் 1963-இல் ‘சொற்களும் குறிகளும்’ வரிசையைத் தொடங்கினார். எழுத்துகள், சாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள் கித்தானை நிரப்பின. மனித உருவம் அதில் சிறுத்து ஒதுங்கியது. ஆசிரியர் உருவத்திலிருந்து விலகிச் சென்ற அதே ஆண்டுகளில் மாணவி உருவத்தைப் பிடித்துக்கொண்டார். அதுவும் பெண்ணுருவத்தை, அதிலும் நிர்வாணப் பெண்ணுருவத்தை. அன்றைய கேரளத்திலிருந்து வந்த ஓர் இளம்பெண் அதைச் செய்தார் என்பதை நாம் போதுமான அளவு வியக்கவில்லை.

அவருடைய பெண்கள் இருண்ட நிறங்களுக்குள் நிற்கிறார்கள். பச்சை, பழுப்பு, காவி. பின்னால் கிராமத்து மரங்கள், காவுகள் எனப்படும் கோயில் தோப்புகளின் அடர்த்தி. உடல் எளிமையான வடிவங்களாகச் சுருங்கியிருக்கிறது. முகம் நீண்டு, கண் பெரிதாகி. நளினம் கிடையாது. இடையை ஒசித்து நிற்பது கிடையாது. வெட்கத்தால் கையைக் குறுக்கே வைத்துக்கொள்வதும் கிடையாது. இந்த மூன்றாவது இன்மைதான் எனக்கு முக்கியம். மேற்கின் நிர்வாண ஓவியத்திலும், நம் சிற்பங்கள் பலவற்றிலும், பெண்ணின் உடல் எதிரே நிற்பவரை உத்தேசித்தே வளைகிறது. மறைப்பதும் அவருக்காகத்தான், காட்டுவதும் அவருக்காகத்தான். பத்மினியின் பெண்களுக்கு எதிரே யாரும் இல்லை. குளத்தில் குளித்துவிட்டுத் தனியே நிற்கும்போது உடல் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறார்கள்.

அப்படியானால் அவர் விட்டுவைத்தது எது? எடை. தரையில் ஊன்றி நிற்கிற எடை. அலங்காரம் போனது, தோலின் பளபளப்பு போனது, விவரங்கள் போயின. உடலுக்குத் தன் கனம் தெரியும் என்ற உணர்வு போகவில்லை. இதை இயற்கையோடு ஒன்றிய பெண் என்று எழுதுகிறவர்களைப் பார்க்கிறேன். மரம் பின்னால் இருக்கிறது என்பதற்காகப் பெண்ணை மரமாக்கிவிடுவது சரியல்ல. பத்மினி மரத்தை மரமாகவும் பெண்ணைப் பெண்ணாகவும் தனித்தனியாகத்தான் வரைகிறார். அவள் நிற்பதற்குத் தனிமை வேண்டும். காவு அந்தத் தனிமையைத் தருகிறது.

மறைந்த ஆண்டில் வரைந்த பட்டம் விடும் சிறுமியின் ஓவியம் பரவலாக அச்சானது. இளமையில் போனவரின் கடைசிப் படம் என்பதால் அதில் மரண முன்னறிவிப்பைத் தேடுகிறார்கள். அந்தத் தேடலை நான் ஏற்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இருந்த ஓர் ஓவியர், விளையாடும் ஒரு சிறுமியை வரைந்தார். அவளுக்கு வேலை இருக்கிறது, கையில் நூல் இருக்கிறது. டி கூனிங் கரைத்த கையைப் பத்மினி விட்டுவைத்தார்.

சென்னை ஓவிய இயக்கத்தைப் பற்றிப் பேசும்போது பணிக்கர், தனபால், சந்தானராஜ், முனுசாமி, ஆதிமூலம் என்று வரிசையாகப் பெயர் சொல்கிறோம். அனைவரும் பெரியவர்கள். அவர்களுக்கு வேலை செய்யப் பல பத்தாண்டுகள் கிடைத்தன. பத்மினிக்கு ஒரு பத்தாண்டுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. ஆயினும் அந்த இயக்கத்தில் பெண்ணுருவம் என்ன ஆயிற்று என்ற கதையை அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இங்கே நுண்கலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் மாணவ மாணவியர் இருக்கிறார்கள். கொச்சி தர்பார் ஹாலுக்குப் போய், கேரள லலிதகலா அகாடமியிடம் இருக்கும் பத்மினியின் ஓவியங்களைப் பாருங்கள். அட்டையைப் படிப்பதற்கு முன் கித்தானின் முன் நில்லுங்கள். எந்த உறுப்பு எவ்வளவு வரையப்பட்டிருக்கிறது, எங்கே தூரிகை நின்றிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சக வகுப்பினர் அதே ஆண்டுகளில் வரைந்த பெண்ணுருவங்களை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அந்த ஒப்பீட்டைத் தமிழில் எழுதுங்கள். எழுதும்போது என்னோடு முரண்பட நேர்ந்தால் தயங்காமல் முரண்படுங்கள்.

கேள்விகள் இருக்கும். பேராசிரியர் அனுமதித்தால் இப்போதே எடுத்துக்கொள்ளலாம்.